இந்தக் கோடை உண்மையிலேயே வழக்கத்தைவிடச் சூடா? எண்களை வைத்துச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: "இந்த வருடக் கோடை ரொம்ப மோசமாகத் தெரிகிறது. உண்மையிலேயே வெப்பம் கூடியிருக்கிறதா, இல்லை நமக்கு அப்படித் தோன்றுகிறதா? இயல்போடு ஒப்பிட்டுப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?"

சரிபார்க்க முடியும். ஒரே ஒரு நிலையத்தின் பதிவுகளும் ஒரு எக்செல் தாளும் போதும். ஆனால் செய்திகளில் வரும் "இயல்பைவிட 2 டிகிரி அதிகம்" என்ற வரியோடு நின்றுவிட்டால் பதில் பாதிதான் கிடைக்கும். அந்த ஊரில் ஒரு கோடைக்கும் அடுத்த கோடைக்கும் சாதாரணமாகவே எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும் என்று தெரியாதவரை, 2 டிகிரி பெரிதா சிறிதா என்று யாராலும் சொல்ல முடியாது. பலரும் தவறவிடுவது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

முதலில் 'இயல்பு' எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு நிலையத்தின் 30 ஆண்டுச் சராசரிதான் அது. 1935இல் வார்சாவில் கூடிய சர்வதேச வானிலை மாநாடு 1901–1930ஐ முதல் பொதுக் காலமாக வைத்தது. இப்போது நடப்பில் இருப்பது 1991–2020. பத்தாண்டுக்கு ஒருமுறை இதை நகர்த்துவது என்று உலக வானிலை அமைப்பு 2015இல் முடிவு செய்தது. நீண்டகாலக் காலநிலை மாற்றத்தை அளப்பதற்கு மட்டும் 1961–1990ஐ மாறாத அளவுகோலாக வைத்துக்கொண்டது.

இயல்பு என்றால் எதுவும் நடக்காத அமைதியான ஆண்டுகள் என்று நினைத்துவிடக் கூடாது. பினாட்டுபோ எரிமலை 1991 ஜூனில் வெடித்து, அடுத்த ஆண்டில் உலகச் சராசரி வெப்பநிலையைச் சுமார் அரை டிகிரி கீழே இறக்கியது. 1997–98, 2015–16 ஆகிய இரண்டும் மிக வலுவான எல் நினோ (பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) காலங்கள். இவை எல்லாமே இப்போதைய இயல்புக்குள் அடக்கம்.

ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் அடிப்படைக் காலம் எது என்று முதலில் பாருங்கள். உலகச் சராசரியை எடுத்தால், 1981–2010க்கும் 1991–2020க்கும் இடையே மட்டும் ஏறக்குறைய 0.2 டிகிரி வித்தியாசம். போன முறை 1981–2010ஐ வைத்து ஒருவர் சொன்ன +0.8ஐயும், இந்த முறை 1991–2020ஐ வைத்துச் சொல்லும் +0.7ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்தால், இந்த ஆண்டு குறைந்துவிட்டதாகத் தோன்றும். அளவுகோல் மேலே ஏறியதால் வரும் மயக்கம் அது. பழைய அறிக்கைகளில் இருந்து விலகல் எண்களை (இயல்பைவிட எவ்வளவு கூடுதல், குறைவு என்பதை) எடுக்காதீர்கள். அசல் வெப்பநிலையை எடுத்து, எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே இயல்பைக் கழித்து நீங்களே விலகலைக் கணக்கிடுங்கள்.

அடுத்து, கோடை என்று எந்த மாதங்களை எடுக்கிறீர்கள்? வடகோளத்தின் மிதவெப்ப நாடுகளில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை; தென்கோளத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை; பருவமழை வந்து வெப்பத்தைத் தணிக்கும் நாடுகளில் மார்ச் முதல் மே வரை. எதை எடுத்தாலும் 30 ஆண்டுக்கும் அதையே எடுக்க வேண்டும். "இந்த முறை ஏப்ரல் பாதியிலிருந்துதான் கொளுத்தியது" என்பதற்காக அந்த நாற்பது நாளை மட்டும் வெட்டி எடுத்து, மற்ற ஆண்டுகளின் முழுக் கோடையோடு ஒப்பிட்டால் விடை முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதாகிவிடும்.

இப்போது தரவு. மொபைலில் வெதர் ஆப் காட்டும் எண் இதற்கு உதவாது. பெரும்பாலான ஆப்கள் காட்டுவது, நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துக் கணினி மாதிரி ஒரு கட்டத்துக்கு மதிப்பிட்ட வெப்பநிலை. அந்த இடத்தில் அளந்தது அல்ல. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஈஆர்ஏ5 போன்ற மறுபகுப்பாய்வுத் தரவு (பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்து மீண்டும் கணக்கிட்டது) 1940 முதல் தொடர்ச்சியாக இருப்பதால் ஒரு மாநிலம் அல்லது நாடு முழுவதையும் பார்க்க நல்லது. ஆனால் அதன் ஒரு கட்டம் சுமார் 30 கி.மீ. அகலம். கடற்கரையையும் உள்நாட்டையும், அல்லது மலையையும் அடிவாரத்தையும் ஒரே கட்டம் விழுங்கிவிடும். ஓர் ஊருக்கு என்றால் நிலையப் பதிவுதான் சரி. அந்தந்த நாட்டு வானிலைத் துறையின் மாதாந்திர அறிக்கைகள் முதல் இடம். அமெரிக்காவின் நோவா நிறுவனம் வைத்திருக்கும் ஜிஹெச்சிஎன் டெய்லி தொகுப்பில் 180 நாடுகளின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் தினசரிப் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பதிவு கிடைத்ததும் உடனே சராசரி போடத் தொடங்க வேண்டாம். முதலில் விடுபட்ட நாட்களை எண்ணுங்கள். ஒரு மாதத்தில் 11 நாளோ அதற்கு மேலோ பதிவு இல்லை என்றாலும், தொடர்ச்சியாக 5 நாள் இல்லை என்றாலும் அந்த மாதச் சராசரியை விட்டுவிடுவது உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல். இயல்பு கணக்கிட 30 ஆண்டில் குறைந்தது 80 விழுக்காடு, அதாவது 24 ஆண்டுகள் இருக்க வேண்டும். தொடர்ந்து ஐந்து நாள் விடுபடுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வெப்ப அலை வருவதும் அப்படித் தொடர் நாட்களாகத்தான். அந்த ஐந்து நாள் போய்விட்டால் மாதச் சராசரி நிஜத்தைவிடக் குளிர்ச்சியாகிவிடும்.

இரண்டாவது, நிலையம் இடம் மாறியதா என்று பாருங்கள். முறையான அளவீடு என்றால் வெள்ளைப் பூச்சும் இரட்டைச் சாய்வுப் பலகைகளும் கொண்ட ஸ்டீவன்சன் பெட்டிக்குள், தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் வெப்பமானி இருக்க வேண்டும். வெயில் உள்ளே விழாதபடி கதவு வடகோளத்தில் வடக்கு நோக்கியும் தென்கோளத்தில் தெற்கு நோக்கியும் இருக்கும். சுற்றிலும் குட்டையான புல். கட்டடம், தார்ச்சாலை, கான்கிரீட் எல்லாம் 100 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் அது முதல் தர அமைவிடம். அமைவிடம் நான்காம் தரம் என்றால் பிழை 2 டிகிரி வரை போகலாம், ஐந்தாம் தரம் என்றால் 5 டிகிரி வரை. நாம் தேடும் விலகலே ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி என்னும்போது இது சின்ன விஷயம் இல்லை. மொட்டை மாடியிலும் காரிலும் காட்டும் வெப்பநிலையை இயல்போடு ஒப்பிடவே கூடாது என்பதும் இதனால்தான்.

இடமாற்றத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பக்கத்து நிலையம் ஒன்றின் கோடைச் சராசரியை எடுத்து, ஆண்டுதோறும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வரைபடமாகப் போடுங்கள். வானிலை இரண்டு ஊரையும் சேர்த்தே ஏற்றி இறக்கும் என்பதால் அந்தக் கோடு ஏறக்குறைய மட்டமாகப் போக வேண்டும். ஏதோ ஓர் ஆண்டில் திடீரென 0.8 டிகிரி குதித்து, பிறகு அங்கேயே நின்றுவிட்டால் நிலையம் நகர்ந்திருக்கிறது, கருவி மாறியிருக்கிறது, அல்லது பக்கத்தில் கட்டடம் எழும்பியிருக்கிறது. படிப்படியாக மேலே ஏறினால் நகரம் வளர்ந்து நிலையத்தைச் சூழ்கிறது என்று அர்த்தம். குறைந்தபட்ச வெப்பநிலையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

பதிவெடுக்கும் நேரமும் ஏமாற்றும். பழைய நிலையங்களில் அதிகபட்ச வெப்பமானியை ஒரு நாளைக்கு ஒருமுறை பார்த்துவிட்டு உதறி மீட்டமைப்பார்கள். மாலை 5 மணிக்கு 38 டிகிரி இருக்கும்போது மீட்டமைத்தால், அடுத்த நாள் 35ஐத் தாண்டாவிட்டாலும் கருவி 38ஐத்தான் காட்டும். ஒரே சூடு இரண்டு நாள் கணக்கில் ஏறிவிடும். பின்னாளில் அதே நிலையம் காலைப் பதிவுக்கு மாறினால் அந்த மிகைக் கணக்கு நின்றுவிடும். வெப்பம் குறைந்ததுபோல ஒரு பொய்த் தோற்றம் வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கற்பனை நிலையம்: மார்ச், ஏப்ரல், மே மாதங்களின் இயல்பான அதிகபட்சம் 35.1, 37.2, 38.0 டிகிரி. இந்த ஆண்டு 36.0, 39.1, 38.2. மாதச் சராசரிகளைக் கூட்டி மூன்றால் வகுக்காமல், நாட்களின் எண்ணிக்கையால் (31, 30, 31) பெருக்கிக் கூட்டி 92ஆல் வகுங்கள். இயல்பு 36.8, இந்த ஆண்டு 37.8; விலகல் +1.0. மாதவாரியாகப் பார்த்தால் +0.9, +1.9, +0.2. கோடை முழுக்கக் கொளுத்தவில்லை, ஏப்ரல்தான் தூக்கிவிட்டிருக்கிறது என்று இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்த படிதான் முக்கியமானது. 30 ஆண்டுகளின் 30 கோடைச் சராசரிகளை ஒரு பத்தியில் போட்டு அவற்றின் திட்ட விலக்கத்தை, அதாவது சராசரியைச் சுற்றி அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவை, கணக்கிடுங்கள். எக்செல்லில் ஒரே சூத்திரம்தான். கடலோரமோ நிலநடுக்கோட்டுப் பகுதியோ என்றால் இது சிறியதாக, உதாரணத்துக்கு 0.6 டிகிரி என்று வரும். கண்டத்தின் உட்பகுதியில், உயர் அட்சரேகையில் 1.4 வரலாம். விலகலை இந்தத் திட்ட விலக்கத்தால் வகுங்கள். முதல் ஊரில் 1.0ஐ 0.6ஆல் வகுத்தால் 1.7, சுமார் இருபது ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய கோடை. இரண்டாவது ஊரில் 0.7, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. இரண்டு ஊருக்கும் விலகல் அதே ஒரு டிகிரிதான். ஆனால் முதல் ஊர்க்காரர் "இப்படிப் பார்த்ததே இல்லை" என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, தினசரித் திட்ட விலக்கத்தை எடுத்துக் கோடைச் சராசரியின் விலகலை வகுப்பது. ஒரு தனி நாள் இயல்பிலிருந்து இரண்டு, மூன்று டிகிரி விலகுவது சாதாரணம். 92 நாளின் சராசரி 2 டிகிரி விலகுவது பெரும்பாலான ஊர்களில் அபூர்வம். நாளுக்கு நாளின் அளவு, மாதத்துக்கு மாதத்தின் அளவு, பருவத்துக்குப் பருவத்தின் அளவு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

திட்ட விலக்கம் பழக்கமில்லை என்றால் வரிசைப்படுத்திப் பாருங்கள். 30 கோடைகளையும் குறைவிலிருந்து அதிகமாக அடுக்கி, பத்துப் பத்தாகப் பிரித்தால் குளிர்ந்தவை, நடுத்தரமானவை, சூடானவை என்று மூன்று பங்கு வரும். பருவகால முன்னறிவிப்புகளில் "இயல்பைவிட அதிகமாக இருக்க 50 விழுக்காடு வாய்ப்பு" என்று சொல்வது இந்த மூன்றாவது பங்கில் விழும் வாய்ப்பைத்தான். எதுவுமே தெரியாத நிலையில் அது 33 விழுக்காடு என்பதை நினைவில் வைத்துப் படித்தால் அந்த 50இன் எடை புரியும்.

ஒரு குறிப்பிட்ட நாளின் இயல்பு வேண்டும் என்றால், அந்தத் தேதியின் 30 பதிவுகள் மட்டும் போதாது. மே 11க்கு 38.4, மே 12க்கு 37.6, மே 13க்கு 38.5 என்று காரணமில்லாமல் பல்பல்லாக வரும். முன்னும் பின்னும் இரண்டு நாள் சேர்த்து ஐந்து நாள் சாளரமாக எடுத்தால் 150 பதிவுகள் கிடைக்கும். அவற்றில் மேல் 10 விழுக்காட்டின் எல்லையைக் குறித்துக்கொண்டு, இந்தக் கோடையில் எத்தனை நாள் அதைத் தாண்டியது என்று எண்ணுங்கள். இயல்பான கோடையில் 92இல் சுமார் 9 நாள் தாண்டும். 25 நாள் தாண்டியிருந்தால் அது சராசரியைவிட நன்றாகப் பேசும் எண்.

நீண்டகாலப் போக்கையும் தனியே பிரிக்கலாம், பிரிக்கவும் வேண்டும். 1991–2020இன் நடு 2005ஐ ஒட்டி வருகிறது. ஓர் ஊர் பத்தாண்டுக்கு 0.3 டிகிரி என்று சூடேறி வந்தால், அதிலிருந்து 20 ஆண்டு கழித்து வரும் சர்வசாதாரணமான கோடையே +0.6 காட்டும். மேலே பார்த்த +1.0இல் 0.6 காலநிலையின் நகர்வு, மீதி 0.4தான் இந்த ஆண்டின் சொந்தக் கணக்கு. "இந்த வருடம் என்ன காரணம்?" என்று கேட்பவர்கள் எல் நினோவையோ காற்றழுத்தத்தையோ அந்த 0.4க்குத்தான் பொறுப்பாக்க முடியும்.

அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் சேர்த்துச் சராசரியாக்காமல் தனித்தனியே பார்த்தால் காரணமே பிடிபட்டுவிடும். பகல் கூடி இரவு இயல்பிலோ கீழேயோ இருந்தால் மேகமில்லாத, வறண்ட காற்று. மண்ணில் ஈரம் இல்லாததால் வெயிலின் ஆற்றல் நீரை ஆவியாக்கச் செலவாகாமல் நேராகக் காற்றைச் சூடாக்குகிறது. பகல் இயல்பில் இருந்து இரவு மட்டும் 1.5, 2 டிகிரி கூடியிருந்தால் ஈரப்பதம், மேகம் அல்லது நகரத்தின் கட்டடங்கள் பகலில் பிடித்துவைத்த சூடு. பகல் குறைந்து இரவு கூடினால் மேகமூட்டமான கோடை. பகல் 36தானே என்று பதிவேடு சொன்னாலும் உடம்புக்கு ஓய்வே கிடைத்திருக்காது. இரவுக் குறைந்தபட்சத்தைப் பார்க்காத எந்த ஒப்பீட்டையும் முழுமையானது என்று ஏற்க முடியாது. இரவில் உடல் தணியாமல் நாட்கள் தொடரும்போதுதான் உயிருக்கு ஆபத்து கூடுகிறது.

"நமக்கு அப்படித் தோன்றுகிறதா" என்ற கேள்வியின் விடை பெரும்பாலும் ஈரப்பதத்தில் இருக்கும். ஒப்பு ஈரப்பதத்தின் சராசரியை எடுக்காதீர்கள். வெப்பநிலை ஏறினால் அது தானாகவே இறங்கும். பனிநிலை வெப்பநிலையை (காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் பனித்துளியாகத் தொடங்குமோ அந்த வெப்பநிலையை) ஒப்பிடுங்கள். 36 டிகிரியில் பனிநிலை 18 என்றால் ஒப்பு ஈரப்பதம் 35 விழுக்காடு. பொதுவாகப் பயன்படும் வெப்பக் குறியீட்டின்படி உணரும் வெப்பம் 37.5. அதே 36இல் பனிநிலை 26 என்றால் 57 விழுக்காடு. உணரும் வெப்பம் 46ஐத் தாண்டும். வெப்பமானியில் இம்மியும் மாற்றமில்லை, உடம்புக்கு 9 டிகிரி வித்தியாசம். இந்தக் குறியீடு நிழலுக்கானது. நேர் வெயிலில் இன்னும் கூடும்.

சாதனைச் செய்திகளைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காலநிலை மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 50 ஆண்டுப் பதிவுள்ள நிலையத்தில் ஒரு குறிப்பிட்ட தேதியின் சாதனை இந்த ஆண்டு முறியும் வாய்ப்பு ஐம்பதில் ஒன்று. 92 தேதிகள் இருப்பதால் ஒரு கோடையில் சராசரியாக இரண்டு தினசரிச் சாதனைகள் தற்செயலாகவே விழும். ஆறு, ஏழு என்று விழுந்தால் கவனிக்க வேண்டும். எவ்வளவால் முறிந்தது என்பதும் முக்கியம். 2021 ஜூன் 29 அன்று கனடாவின் லிட்டனில் 49.6 டிகிரி பதிவானது. அந்த ஆண்டுக்கு முன்புவரை நாட்டின் சாதனை 1937இன் 45.0தான். சாதனைகள் பொதுவாகப் பத்தில் ஒன்றிரண்டு டிகிரி என்று நகரும், 4.6 டிகிரித் தாவல் வேறு வகையைச் சேர்ந்தது.

கருவியோ கண்ணோ தவறிய சாதனைகளும் உண்டு. லிபியாவின் அல் அஜீஜியாவில் 1922 செப்டம்பர் 13 அன்று பதிவான 58.0 டிகிரி தொண்ணூறு ஆண்டுகள் உலகச் சாதனையாக இருந்து, 2012இல் உலக வானிலை அமைப்பால் நீக்கப்பட்டது. அங்கே பயன்பட்ட சிக்ஸ்–பெல்லானி வெப்பமானியில் ஒரு சிறு குறிமுள் நகரும். அதன் கீழ் முனையைப் படிக்க வேண்டும். பழக்கமில்லாத பதிவாளர் மேல் முனையைப் படித்திருக்கலாம் என்பது ஆய்வுக்குழுவின் முடிவு. அந்தக் குறிமுள்ளின் நீளமே ஏறக்குறைய 7 டிகிரிக்குச் சமம். 2024 மே மாதம் டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் காட்டிய 52.9 டிகிரியும் இப்படித்தான். தரமான கருவியோடு ஒப்பிட்டபோது உணரி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது தெரிந்தது. ஒரே ஒரு நிலையம் மட்டும் பக்கத்து நிலையங்களைவிட எகிறி நின்றால் உறுதியாகும்வரை கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வெப்ப அலை நாட்களை எண்ணுவதாக இருந்தால் எந்த வரையறை என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்திய வானிலைத் துறை சமவெளியில் 40 டிகிரியையும், அதோடு இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலையும் கேட்கிறது. 45ஐ எட்டிவிட்டால் இயல்பைப் பார்ப்பதில்லை. பிரிட்டனில் பகுதிக்கேற்ப 25 முதல் 28 டிகிரியைத் தொடர்ந்து மூன்று நாள் எட்டினாலே போதும். இரு நாடுகளின் வெப்ப அலை எண்ணிக்கையைப் பக்கத்தில் வைப்பதில் பொருளே இல்லை.

மழைக்கு இந்தக் கணக்குகள் பொருந்தாது. பத்துக் கோடைகளில் ஒன்பதில் 5 மி.மீ., ஒன்றில் 155 மி.மீ. பெய்தால் சராசரி 20 மி.மீ. அதை இயல்பு என்று வைத்தால் பத்தில் ஒன்பது ஆண்டுகள் "75 விழுக்காடு குறைவு" ஆகிவிடும். கோடை மழைக்குச் சராசரியை விட்டு இடைநிலை மதிப்பை (வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் எண்ணை) எடுங்கள். விழுக்காட்டோடு மி.மீ.யையும் சேர்த்தே சொல்லுங்கள், 8 மி.மீ. இயல்புள்ள மாதத்தில் 20 மி.மீ. பெய்வது 150 விழுக்காடு கூடுதல்தான், ஆனால் அந்த 12 மி.மீ. கூடுதலால் ஏரி நிறையாது.

கோடை இன்னும் முடியவில்லை என்றால், இதுவரையான நாட்களை அதே நாட்களின் இயல்போடு மட்டும் ஒப்பிடுங்கள். 60 நாளின் விலகல் +1.4 என்று வைத்துக்கொள்வோம். மீதி 32 நாள் இயல்பாகவே போனால் முழுக் கோடை +0.9இல் முடியும். +1.4 நிலைக்க வேண்டும் என்றால் மீதி நாட்களும் அதே அளவு கொளுத்த வேண்டும். பருவம் முடிந்த பிறகும் உடனே வெளியாகும் எண்கள் தற்காலிகமானவை. தரச்சரிபார்ப்புக்குப் பின் மாத மதிப்புகள் பத்தில் ஒன்றிரண்டு டிகிரி மாறலாம். முதல் இடமா இரண்டாம் இடமா என்ற வித்தியாசம் 0.1க்குள் இருந்தால் அந்த வரிசையை அதற்குமுன் உறுதியாகச் சொல்ல வேண்டாம்.